நடாஷா கெல்லர்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வினாடி வினா நடத்துபவர்களுக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "ஒரே குடும்பத்தில் தாத்தா, அப்பா, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் வென்றது யார்?" ஜெர்மனியின் கெல்லர் குடும்பம் என்று யாராவது கையைத் தூக்கிச் சொல்வார்கள், கைதட்டல் கிடைக்கும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்தக் குடும்பத்தில் பல வருடம் நாட்டுக்காக ஆடிய பெண் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தக் கைதட்டலில் காணாமல் போய்விடுகிறது. நடாஷாவைப் பற்றிப் பேச்சு எடுத்தபோதெல்லாம் நண்பர்களும் வாசகர்களும் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாருங்க இந்த நடாஷா கெல்லர்? ஐஸ் ஹாக்கியா, நம்ம ஹாக்கியா?

நம்ம ஹாக்கிதான். 1977 ஜூலை 3 அன்று மேற்கு பெர்லினில் பிறந்தவர். 1994 முதல் 2012 வரை ஜெர்மன் பெண்கள் அணியில் முன்கள வீராங்கனையாக ஆடினார். அவருடைய கிளப் பெர்லினர் ஹாக்கி கிளப். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1999-இல் சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு அவரை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது.

425 மேட்ச்னு போட்டிருக்கு. அச்சுப்பிழையா?

சரியான எண்தான். 425 சர்வதேச ஆட்டங்கள், 209 கோல்கள். கிரிக்கெட் கணக்கில் யோசிப்பவர்களுக்குத்தான் இது மலைப்பாகத் தெரியும். ஹாக்கியில் ஒரு தேசிய அணி ஒரு பெரிய போட்டிக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறு ஏழு ஆட்டம் ஆடிவிடும். ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஷிப், சாம்பியன்ஸ் டிராஃபி, நடுவே தயாரிப்புக்காக அண்டை நாடுகளோடு இரண்டு மூன்று ஆட்டத் தொடர்கள் என்று வருடம் முழுக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். பதினெட்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 24 ஆட்டம் வருகிறது. தொடர்ந்து அணியில் இருப்பவருக்கு அது நடக்கக்கூடியதுதான்.

கடினமான விஷயம் அந்த "தொடர்ந்து" என்பதில் இருக்கிறது. முன்களத்தில் ஆடுபவருக்கு வேகம் போனால் இடமும் போகும். தடுப்பாட்டக்காரர் அனுபவத்தை வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். கோல் அடிக்க வேண்டியவருக்கு அந்த வசதி கிடையாது. எனக்கு 425-ஐவிட 209 என்ற எண்தான் பெரிதாகப் படுகிறது. ஏறத்தாழ இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல்.

ஹாக்கில கோல் அடிக்கிறது அவ்வளவு கஷ்டமா? கால்பந்து மாதிரிதானே?

ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஹாக்கியில் எங்கிருந்து வேண்டுமானாலும் அடித்து கோல் போட முடியாது. கோலுக்கு முன்னால் 14.63 மீட்டர் அளவில் வரைந்திருக்கும் 'டி' வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தைத் தொட்டால்தான் கோல் செல்லும். அதனால் எதிரணி முழுக்க அந்த வட்டத்தைக் காவல் காக்கும். முன்கள வீராங்கனையின் வேலை அந்த நெரிசலுக்குள் நுழைந்து, கிடைக்கிற ஒரு நொடியில் பந்தைத் திருப்பி விடுவது. மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட வேண்டும், பந்து காலில் பட்டால் தவறு.

நடாஷா ஆடத் தொடங்கிய பிறகு ஆட்டமே மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் வந்தபோது ஹாக்கியில் ஆஃப்சைடு விதி இருந்தது, அதாவது எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்னால் நின்றுகொண்டு பந்து வாங்கக் கூடாது. 1990-களின் பிற்பகுதியில் அதை எடுத்துவிட்டார்கள். முன்களத்தில் நிற்பவருக்குத் திடீரென்று முழு மைதானமும் திறந்துவிட்டது, எதிரணித் தடுப்புக்கும் வேறு கணக்குப் போட வேண்டிவந்தது. 2009-இல் ஃப்ரீ ஹிட் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் அடி) கிடைத்தவர் யாருக்கும் தள்ளாமல் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற விதி வந்தது, ஆட்டத்தின் வேகம் இன்னொரு படி ஏறியது. இத்தனைக்கும் நடுவே ஒருவர் அணியில் இடத்தைத் தக்கவைத்தார் என்றால், அவர் தன் ஆட்டத்தை இரண்டு மூன்று முறை புதிதாகக் கற்றிருக்கிறார் என்று பொருள்.

எத்தனை ஒலிம்பிக் ஆடினாங்க? எல்லாத்துலயும் மெடலா?

ஐந்து ஒலிம்பிக். பதக்கம் ஒன்றே ஒன்று. 1996 அட்லாண்டாவில் ஆறாவது இடம், 2000 சிட்னியில் ஏழாவது, 2004 ஏதென்ஸில் தங்கம், 2008 பெய்ஜிங்கில் நான்காவது, 2012 லண்டனில் மறுபடி ஏழாவது. அட்லாண்டாவுக்குப் போனபோது வயது 19, லண்டனில் 35.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆறு, ஏழு, ஒன்று, நான்கு, ஏழு. ஜெர்மனி என்றாலே எல்லாவற்றிலும் முதலிடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பெண்கள் அணி அப்படி இருந்ததே இல்லை. அந்தக் காலத்தில் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா மூன்றும்தான் பெரிய அணிகள். ஜெர்மனி நல்ல நாளில் யாரையும் வீழ்த்தும், கெட்ட நாளில் ஏழாவது இடத்துக்கான ஆட்டத்தில் நிற்கும். நடாஷாவின் சர்வதேச வாழ்க்கை முழுக்க இந்த மேடு பள்ளத்தில்தான் போனது.

அப்புறம் ஏதென்ஸ்ல மட்டும் எப்படி தங்கம்? அதிர்ஷ்டமா?

கொஞ்சம் அதிர்ஷ்டம், நிறைய நிதானம். ஜெர்மனி நேரடித் தகுதி பெறாமல், 2004-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த தகுதிச் சுற்று வழியாகத்தான் ஏதென்ஸுக்கே வந்தது. தங்கம் வெல்லும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். பிரிவு ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 1–4 என்று உதை வாங்கினார்கள். தட்டுத் தடுமாறிப் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தார்கள்.

அரையிறுதியில் சீனா. முழு நேரத்திலும் கூடுதல் நேரத்திலும் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஜெர்மனி 4–3 என்று தப்பியது. அந்த வெற்றிக்குக் கோல்கீப்பர் லூயிசா வால்ட்டருக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும். மற்றொரு அரையிறுதியில் நெதர்லாந்தும் அர்ஜென்டினாவுடன் 2–2 என்று முடித்து ஸ்ட்ரோக்கில்தான் வென்றது. ஆகஸ்ட் 26 அன்று இறுதி ஆட்டத்தில் பழைய இரண்டு அணிகளும் மறுபடி சந்தித்தன. ஜெர்மனி முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டு, மீதி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்து நின்று, 2–1 என்று வென்றது. ஒலிம்பிக்கில் ஜெர்மன் பெண்கள் ஹாக்கிக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதற்கு முன் 1984-இலும் 1992-இலும் வெள்ளியோடு திரும்பியிருந்தார்கள்.

ஃபைனல்ல கோல் அடிச்சது நடாஷாதானே?

இல்லை. அன்கே கூனும் ஃபிரான்சிஸ்கா கூடெயும் அடித்தார்கள். பிரபலமான பெயர் ஒன்று அணியில் இருந்தால் எல்லாக் கோலையும் அவர் கணக்கில் எழுதுவது நம் ஊரிலும் உள்ள பழக்கம்தான். நடாஷா அந்த அணியின் பதினாறு பேரில் ஒருவர், அனுபவம் மிக்கவர்களில் ஒருவர். அந்த அணியில் மாரியன் ரோடெவால்ட், ஃபேனி ரின்னே, நடீன் எர்ன்ஸ்டிங்-கிரீன்கே, ஹைக்கெ லேட்ஷ் என்று பலமான கைகள் நிறைய இருந்தன. தங்கத்தை ஒருவர் பெயரில் எழுதுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பெனால்டி ஸ்ட்ரோக்னா இப்ப டிவில பாக்குற ஷூட் அவுட்தானா?

இரண்டும் வேறு. இப்போது நீங்கள் பார்ப்பதில், ஆடுபவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடி வருவார், எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும், கோல்கீப்பரும் முன்னால் வந்து மறிக்கலாம். ஏதென்ஸ் காலத்தில் அப்படிக் கிடையாது. பந்து கோலுக்கு நேர் எதிரே 6.40 மீட்டரில் அசையாமல் இருக்கும். ஆடுபவர் ஒரே அசைவில் அதைத் தள்ளவோ சுண்டிவிடவோ வேண்டும், ஓங்கி அடிக்கக் கூடாது. கோல்கீப்பர் பந்து நகரும்வரை கோட்டிலேயே நிற்க வேண்டும். பின்னால் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம் கொண்ட கோல்.

அணிக்கு ஐந்து பேர். ஓடுவதற்கும் ஏமாற்றுவதற்கும் இடமே இல்லாத ஆட்டம் அது. மூலையைத் தேர்ந்தெடுத்துச் சுண்ட வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கிறவருக்கு ஷூட் அவுட்தான் சுவாரஸ்யம். ஆனால் நெஞ்சு படபடக்க வைத்தது பழைய முறைதான் என்பது என் கட்சி.

கோச் யாரு? அவரைப் பத்தி ஏதோ சாதனை சொல்வாங்களே?

மார்கஸ் வைசே. 2004-இல் பெண்கள் அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஆண்கள் அணிக்கு மாறி, 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பெண்கள், ஆண்கள் என்று இரண்டு அணிகளையும் ஒலிம்பிக் தங்கத்துக்கு அழைத்துப்போன முதல் ஹாக்கிப் பயிற்சியாளர் அவர்தான். இதில் கெல்லர் குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது, சகோதரர்களைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

1999-ல உலகின் சிறந்த வீராங்கனை விருது எப்படி கொடுத்தாங்க? அப்ப ஜெர்மனி ஒண்ணும் ஜெயிக்கலையே?

ஒன்றும் ஜெயிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1998-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி வெண்கலம் வென்றது. 1999-இல் கொலோன் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. அப்போது நடாஷாவுக்கு 22 வயது.

அந்த விருதை சர்வதேசக் கூட்டமைப்பு 1998-இல்தான் கொடுக்கத் தொடங்கியது. முதல் வருடம் ஆஸ்திரேலியாவின் அலிசன் ஆனன், இரண்டாம் வருடம் நடாஷா, மூன்றாம் வருடம் மறுபடி ஆனன். 2001-இல் அர்ஜென்டினாவின் லூசியானா ஐமார் வந்தார். அந்த வருடத்தையும் சேர்த்து மொத்தம் எட்டு முறை அந்த விருது அவர் வீட்டுக்கே போய்விட்டது. ஆனனுக்கும் ஐமாருக்கும் இடையில் கிடைத்த சின்ன இடைவெளியில் நடாஷா பெயர் நிற்கிறது. அணியாகக் கோப்பை எதுவும் வெல்லாத காலத்தில் தனி ஆளாக இந்த அங்கீகாரம் கிடைத்தது என்பதைத்தான் அவரைப் பற்றிய பெரிய செய்தியாக நான் சொல்வேன்.

உலகக் கோப்பை ஜெயிச்சிருக்காங்களா?

இல்லை. மேலே சொன்ன 1998 வெண்கலம்தான். மேற்கு ஜெர்மனிப் பெண்கள் 1976-இலும் 1981-இலும் உலகக் கோப்பை வென்றிருக்கிறார்கள். இரண்டும் நடாஷா பள்ளிக்கூடம் போகும் முன்னால் முடிந்த கதை.

2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை ஏன் ஜெர்மன்காரங்க அவ்வளவு கொண்டாடுறாங்க?

ஐரோப்பாவில் பெண்கள் ஹாக்கி என்றால் நெதர்லாந்து. மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள் என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. ஜெர்மனி 1999, 2005, 2009, 2011 எல்லாவற்றிலும் வெள்ளியோடு திரும்பியது அந்தக் கிண்டலுக்குச் சாட்சி. நடுவில் 2007-இல் மான்செஸ்டரில் மட்டும் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 2–0 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. அதன் மூலம் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியும் கிடைத்தது. தகுதிச் சுற்று வழியாகச் சுற்றிப் போன 2004 நிலைமையோடு ஒப்பிட்டால் இந்தக் கொண்டாட்டம் புரியும்.

பெய்ஜிங்கிலும் நன்றாகத்தான் தொடங்கினார்கள், பிரிவில் முதலிடம். அரையிறுதியில் சீனா 3–2 என்று ஏதென்ஸ் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 1–3.

குளிர்காலத்துல அங்க பனி கொட்டுமே, எங்க ஆடுவாங்க?

உள்ளரங்கத்தில். ஜெர்மனியில் வெளி மைதான சீசன் இலையுதிர் காலத்தோடு நின்றுவிடும், வசந்தத்தில்தான் மறுபடி தொடங்கும். நடுவில் உள்ளரங்க ஹாக்கி. அதற்குத் தனி லீக், தனி உலகக் கோப்பை, தனி வெறி. ஏறத்தாழ ஹேண்ட்பால் அரங்க அளவு இடம், அணிக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர், பக்கவாட்டில் பந்து வெளியே போகாமல் நீளக் கட்டைகள். மட்டை மெலிதாக இருக்கும். பந்தை அடிக்கவே கூடாது, தள்ளத்தான் வேண்டும்.

சின்ன வயதிலிருந்து வருடத்தில் மூன்று நான்கு மாதம் இப்படி நெருக்கடியான இடத்தில் ஆடினால் கை வேலை தானாகக் கூர்மையாகும். 'டி' வட்டத்துக்குள் ஒரு நொடி என்று மேலே சொன்னேனே, ஜெர்மன் முன்களக்காரர்கள் அந்த ஒரு நொடியை இந்த அரங்கங்களில்தான் பழகிக்கொள்கிறார்கள். நம் ஊரில் உள்ளரங்க ஹாக்கியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால் நல்லது.

சரி, குடும்பக் கதைக்கு வருவோம். தாத்தா தியான் சந்தோட ஆடினாரா?

எதிராக ஆடினார். தாத்தா எர்வின் கெல்லர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மன் அணியின் நடுக்களத்தில் ஆடியவர். மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. போட்டி தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4–1 என்று தோற்கடித்திருந்தது, அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு நம்பிக்கை இருந்தது. இறுதி ஆட்டத்தின் இடைவேளையிலும் இந்தியா 1–0 என்றுதான் முன்னிலை. இரண்டாம் பாதியில் தியான் சந்தின் அணி ஏழு கோல் போட்டது. முடிவு 8–1. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா வாங்கிய ஒரே கோல் ஜெர்மனி போட்ட அந்த ஒன்றுதான். எர்வினுக்கு வெள்ளி.

ஆட்டம் முடிந்ததும் ஹிட்லர் தியான் சந்துக்கு ராணுவத்தில் பதவி தருவதாகச் சொன்னார் என்ற கதையையும் இதோடு கேட்பார்கள். சுவையான கதை, ஆவணம் கிடையாது. அதை இந்தப் பக்கத்தில் சேர்க்கப்போவதில்லை.

அப்பா?

கார்ஸ்டன் கெல்லர். 1960 ரோம், 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் என்று மூன்று ஒலிம்பிக். மியூனிக்கில் மேற்கு ஜெர்மனி அணிக்கு அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1–0 என்று வென்றார்கள், மைக்கேல் கிரவுஸ பெனால்டி கார்னரில் அடித்த கோல். 1928 முதல் இந்தியாவும் பாகிஸ்தானும் மட்டுமே மாறி மாறி வைத்திருந்த தங்கம் முதன்முறையாகத் துணைக்கண்டத்தை விட்டு வெளியே போனது அன்றுதான். நடுவர் தீர்ப்புகளால் கொதித்துப்போன பாகிஸ்தான் வீரர்கள் பரிசளிப்பு மேடையில் நடந்துகொண்ட விதமும், அதற்காக விதிக்கப்பட்ட தடைகளும் தனிக் கதை.

இந்தியாவோடு இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. 1968 மெக்சிகோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கார்ஸ்டனின் மேற்கு ஜெர்மனியை இந்தியா 2–1 என்று தோற்கடித்தது. தாத்தா இந்தியாவிடம் தங்கத்தை இழந்தார், அப்பாவின் அணி வெண்கலத்தை.

அண்ணன் தம்பிகளுமா? ஒரே அம்மாவுக்குப் பிறந்தவங்களா?

அண்ணன் ஆண்ட்ரியாஸ் 1965-இல் பிறந்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பாகிஸ்தானிடம் இறுதியில் தோற்று வெள்ளி, 1988 சியோலில் பிரிட்டனிடம் தோற்று மறுபடி வெள்ளி, 1992 பார்சிலோனாவில் ஆஸ்திரேலியாவை வென்று தங்கம். விடாக்கண்டன் என்றால் இவர்தான். தம்பி ஃப்ளோரியான் 1981-இல் பிறந்தவர், 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அவர் அப்பா வழியில் மட்டும் தம்பி. தாய் வேறு.

பெய்ஜிங்கில் அக்காளும் தம்பியும் ஒரே நேரத்தில் ஆடினார்கள். அக்காளின் அணி அர்ஜென்டினாவிடம் தோற்று வெண்கலத்தைக் கோட்டைவிட்டது. அடுத்த நாளே தம்பியின் அணி ஸ்பெயினை 1–0 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் அதே மார்கஸ் வைசே. நான்கு வருடம் முன்னால் அக்காளுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் இப்போது தம்பிக்கும் வாங்கிக் கொடுத்தார். வினாடி வினாக்காரர்கள் இதை ஏன் இன்னும் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

அப்ப இது வாரிசு விவகாரம்தானே? அப்பா பேர் இருந்ததால உள்ள விட்டிருப்பாங்க?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நம் ஊர் சினிமாவும் அரசியலும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான்.

ஜெர்மனியில் ஹாக்கி கிளப்புகள் வழியாக வளரும் விளையாட்டு. பள்ளியோ, காவல்துறையோ, ரயில்வேயோ அணி வைத்து ஆள் எடுப்பது அங்கே வழக்கமில்லை. அப்பா ஆடும் கிளப்புக்குச் சனி ஞாயிறில் குடும்பமே போகும். பெரியவர்கள் ஆடும்போது வாண்டுகள் ஓரத்தில் மட்டையை வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கும். ஆறு வயதில் அந்தக் குழந்தைக்கு ஒரு குழு, எட்டு வயதில் அடுத்தது என்று படிப்படியாகப் போகும். ஆக, வாய்ப்பு என்ற அளவில் கெல்லர் வீட்டில் பிறந்தது பெரிய அனுகூலம், அதை மறுக்க வேண்டியதில்லை. கையில் மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒலிம்பிக் கேப்டன் வீட்டிலேயே இருந்தார்.

ஆனால் அட்லாண்டாவிலிருந்து லண்டன் வரை ஐந்து ஒலிம்பிக் அணிகளைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே பயிற்சியாளர் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள கோல் அடிக்கிற ஆளைத்தான் தேடுவார். அப்பா பெயர் முதல் அழைப்புக்கு வேண்டுமானால் உதவியிருக்கலாம். 209 கோலை அவரேதான் அடிக்க வேண்டியிருந்தது.

தியான் சந்த் குடும்பத்தோட ஒப்பிடலாமா?

தாராளமாக. தியான் சந்துக்கு 1928, 1932, 1936 மூன்றிலும் தங்கம். தம்பி ரூப் சிங்குக்கு 1932-இலும் 1936-இலும். மகன் அசோக் குமார் 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியில் ஆடினார், 1975-இல் உலகக் கோப்பையும் வென்றார். 1936-இல் பெர்லினில் அப்பாக்கள் மோதினார்கள், 1972-இல் மகன்கள் இருவரும் ஒரே ஒலிம்பிக்கில் ஆடினார்கள். அங்கே இந்தியாவும் மேற்கு ஜெர்மனியும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை, அரையிறுதியில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றுவிட்டது. சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

எல்லாரும் 'ஜெர்மனி'க்குத்தான் ஆடினாங்களா? மேற்கு ஜெர்மனின்னும் வருதே?

நல்ல கேள்வி, குழம்பத்தான் செய்யும். எர்வின் ஆடியது 1936-இன் நாஜி ஆட்சி ஜெர்மனிக்கு. கார்ஸ்டன் 1960-இல் ஆடியபோது இரண்டு ஜெர்மனிகளும் ஒலிம்பிக்கில் ஒரே பெயரில் கூட்டு அணியாக வந்தன. 1968-இலும் 1972-இலும் அவர் மேற்கு ஜெர்மனி. ஆண்ட்ரியாஸின் இரண்டு வெள்ளிகளும் மேற்கு ஜெர்மனிக்கு, தங்கம் ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு. நடாஷாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெர்லின் சுவர் விழுந்தது. அவரும் ஃப்ளோரியானும் ஒன்றுபட்ட நாட்டுக்கு மட்டுமே ஒலிம்பிக் ஆடியவர்கள்.

ஆடுகளமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. தாத்தாவும் அப்பாவும் ஆடியது இயற்கைப் புல்லில். 1976 மாண்ட்ரியலிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. நடாஷா கடைசியாக ஆடிய லண்டனில் தரை நீலம், சுற்றுப்புறம் இளஞ்சிவப்பு, பந்து மஞ்சள். எர்வின் அதைப் பார்த்திருந்தால் ஹாக்கி என்றே நம்பியிருக்க மாட்டார்.

2012-ல கொடி பிடிச்சாங்களே, அது எதுக்காக?

லண்டன் தொடக்க விழா அணிவகுப்பில் ஜெர்மனியின் கொடியை ஏந்திப் போனவர் நடாஷாதான். நான்கு வருடம் முன்பு பெய்ஜிங்கில் அதே வேலையைச் செய்தவர் கூடைப்பந்து நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கி. கோடிகளில் சம்பளம் வாங்கும் உலகப் பிரபலத்துக்கு அடுத்து, ஹாக்கிக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஒரு பெண். ஐந்தாவது ஒலிம்பிக், சேர்த்துவைத்த ஆட்டங்கள், குடும்பப் பின்னணி எல்லாம் சேர்ந்து வந்த மரியாதை அது என்று நினைக்கிறேன். அந்த ஒலிம்பிக்கோடு தேசிய அணியிலிருந்து விலகினார்.

ஹாக்கி ஆடி நல்லா சம்பாதிச்சிருப்பாங்களா?

ஜெர்மன் ஹாக்கியில் பெரிய பணம் கிடையாது. தேசிய அணியில் ஆடுபவர்களே படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள். விளையாட்டு உதவி அறக்கட்டளையின் மாதாந்திர உதவித்தொகை, கிளப் தருவது கொஞ்சம், அவ்வளவுதான். பயிற்சிக்கும் தொடர்களுக்கும் விடுப்புக் கேட்டு அலைய வேண்டியதும் உண்டு. இந்த நிலைமையில் பதினெட்டு வருடம் ஆடியவரை நம் கிரிக்கெட் நட்சத்திரங்களின் வருமானத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

அப்ப ஜெர்மன் பெண்கள் ஹாக்கில இவங்கதான் எல்லாரையும்விட பெஸ்ட்டா?

கோல் அடிப்பதில், நீடித்து நிற்பதில், ஆம் என்று சொல்வேன். ஆட்டத்தைக் கட்டி எழுப்பும் திறமையைப் பார்த்தால் ஃபேனி ரின்னேயைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். அதற்கு முந்தைய தலைமுறையில் பிரிட்டா பெக்கர் பெயரைச் சொன்னாலும் தலையாட்டுவேன். நடாஷா விலகிய பிறகு ஜெர்மனி 2016 ரியோவில் நியூசிலாந்தை 2–1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. அந்த அணியிலும் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்.

ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எதைப் பாக்கட்டும்?

எல்லோரும் ஏதென்ஸ் இறுதியைச் சொல்வார்கள். நான் பிரிவுச் சுற்றில் நெதர்லாந்திடம் 1–4 என்று தோற்ற ஆட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வேன், கிடைத்தால். அதன் பிறகு அதே நெதர்லாந்தோடு நடந்த இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் சில நாட்கள்தான், ஆட்டக்காரர்களும் அதே ஆட்டக்காரர்கள். இறுதியில் இரண்டு கோல் முன்னிலை வந்தபிறகு ஜெர்மன் முன்களம் எவ்வளவு கீழே இறங்கி வந்து தடுக்கிறது என்பதைக் கவனியுங்கள்.